கீப் என்கிற சொல்லும் ஜன்னலடிப் பெட்டியும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறேன். இங்கே நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், நீயும் அங்கே அப்படியே இருக்கணும்னு நினைச்சுக்கிட்டுதான் பேனாவைக் கையில எடுத்திருக்கேன். நல்லா இருக்கோம்னா முழுசா நல்லா இருக்கோம்னு எடுத்துக்காதே, அப்பாவுக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் இடது முழங்கால் கத்துது, எனக்குக் கண்ணாடி மாத்தணும், சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்ட ஆரம்பிச்சிடுச்சு, மத்தபடி ஒரு குறையும் இல்லை. போன் இருக்கும்போது எதுக்கும்மா லெட்டர்னு நீ கேட்பே. போன்ல நீ துணி துவைக்கிற மிஷினைப் போட்டுட்டு அது பக்கத்துல நின்னுதான் பேசறே, நான் ஒரு விஷயத்தை ஆரம்பிச்சு முடிக்கிறதுக்குள்ள அது சுத்தி முடிச்சிடுது, நீயும் வச்சிடட்டுமாம்மான்னு கேட்டுடறே. லெட்டர்னா அப்படிப் பாதியில வைக்க முடியாது பாரு, கையில எடுத்தா கடைசி வரைக்கும் படிச்சுத்தான் ஆகணும்.

மூணு வாரத்துக்கு முந்தி ஞாயித்துக்கிழமை நீ சொன்னதுக்குப் பதில்தான் இது. சித்தப்பா பொண்ணுக்கு, அதான் நம்ம நெட்டச்சிக்கு, இங்கே ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை கிடைச்சிருக்குன்னு சொன்னேன் இல்லையா, அடுத்த மாசம் பிறந்ததும் வந்து சேரணும், நம்ம வீட்டுல உன் ரூம்லதான் தங்கப் போறா. அதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அந்த ரூம்ல யாராவது லைட் போட்டு உட்கார்ந்தா எனக்கும் நல்லாத்தான் இருக்கும். கட்டில் இருக்கு, மேஜை இருக்கு, அலமாரி எப்பவோ காலி. ஜன்னலுக்குக் கீழே உன் பச்சைப் பெட்டி ஒண்ணுதான் பாக்கி. அதை என்ன பண்றதுன்னு கேட்டேன். தூக்கிப் போட்டுடும்மா, இல்லைன்னா யாருக்காவது குடுத்துடு, நான் என்ன திரும்பி வந்தா இருக்கப் போறேன், இங்கே வீடே வாங்கப் போறேன்னு நீ ஒரே மூச்சுல சொன்னே. நல்ல சேதியையும் மத்த சேதியையும் சேர்த்துச் சொன்னா நான் எதுக்கு முதல்ல பதில் சொல்றது. அடுப்புல ஏதோ இருக்குன்னு சொல்லிட்டு நான்தான் முதல்ல போனை வச்சேன். அடுப்புல ஒண்ணும் இல்லைடி.

வீடு வாங்கறதுல எனக்கு ரொம்ப சந்தோஷம், அதை முதல்ல எழுதிடறேன், அப்புறம் பெட்டி விஷயத்துல மறந்து போயிடும். பெட்டிக்கு வர்றேன். நீ கிளம்பின நாள் ஞாபகம் இருக்கா உனக்கு? சூட்கேஸ்ல எடை கூடிப் போச்சுன்னு ஒவ்வொண்ணா எடுத்து வெளியே போட்டே, போட்டதை எல்லாம் அந்தப் பெட்டியில அடுக்கி நான்தான் கயிறு கட்டினேன். டூட்டியில இருந்து நேரா வந்திருந்தேன், யூனிஃபார்ம் கூட மாத்தலை, சட்டைப் பையில டோக்கன் கட்டு அப்படியே இருந்தது. பஸ் ஸ்டாண்டு லக்கேஜ் ரூம்ல நான் நாள் பூரா பண்றதே அதுதானே, பையை வாங்கணும், டோக்கனை ரெண்டாக் கிழிக்கணும், ஒரு பாதியைப் பையில கட்டி மறுபாதியைப் பயணி கையில குடுக்கணும். கை பாட்டுக்குப் பழக்கத்துல ஒண்ணைக் கிழிச்சு, பாதியைப் பெட்டியில கட்டி, பாதியை உன்கிட்ட நீட்டிடுச்சு. பெத்த பொண்ணுக்கே டோக்கனான்னு அப்பா தலையில அடிச்சுக்கிட்டார். நீ சிரிச்சுக்கிட்டே பர்ஸோட உள்பக்கத்துல சொருகிக்கிட்டே. சிரிச்சதாலதான் எனக்கும் அது விளையாட்டாவே தோணிச்சு. இப்பத்தான் தெரியுது, அன்னிக்கு நான் விளையாடலை.

இரு, நடுவுல ஒரு கதை இருக்கு, அதைச் சொல்லாம பெட்டிக்கு என்ன பதில்னு சொல்ல முடியாது. எங்க பஸ் ஸ்டாண்டைப் புதுசா ஒரு கம்பெனி எடுத்து நடத்துதுன்னு சொன்னேன் இல்லையா. தரையெல்லாம் முகம் பார்க்கிற மாதிரி இழைச்சு, கூரையை உயர்த்தி, கண்ணாடிக் கதவு போட்டாங்க, அந்தக் கதவுல நானே ரெண்டு தடவை முட்டிக்கிட்டேன். அதோட நின்னிருந்தா பரவாயில்லை, வெளிநாட்டுக்காரங்க நிறைய வர்றாங்க, அதனால கவுண்டர்ல உட்கார்ற எல்லாரும் இங்கிலீஷ் பேசியே ஆகணும், பரீட்சையில தேறாதவங்களைப் பின்னாடி பார்சல் கொட்டகைக்கு மாத்திடுவோம்னுட்டாங்க. பார்சல் கொட்டகைன்னா உனக்குத் தெரியாது, வெயில் காலத்துல உள்ளே நின்னா தோலே உரிஞ்சிடும். இந்த வயசுல ஏபிசிடியான்னு நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தேன், ஆனா வேற வழி?

பாடம் எடுக்க ஒரு வாத்தியார் வந்தார். சின்ன வயசுதான், எப்பவும் மூடி போடாத மார்க்கர் பேனாவைச் சட்டைப் பையில சொருகிக்கிட்டு நெஞ்சுல நீலக்கறையோடவே திரிவார், அதனால அவருக்கு மார்க்கர்னே பேராயிடுச்சு. அவர் சொன்னது என்னன்னா, இங்கிலீஷ்ல ஆயிரம் சொல் தெரிஞ்சுக்க வேண்டாம், தினம் புழங்கற ஒரே ஒரு சொல்லை முழுசாப் பிடிச்சுக்கிட்டா அதோட வாலைப் பிடிச்சு பாதி பாஷை வந்துடும், அதனால ஆளுக்கு ஒரு சொல், பரீட்சை அன்னிக்கு அந்தச் சொல்லைப் பத்தி எழுந்து நின்னு பேசணும். சீட்டு எழுதி ஒரு டிபன் பாக்ஸ்ல போட்டுக் குலுக்கினார். மைக்ல பஸ் வர்றதைச் சொல்ற அக்காவுக்கு ரன் வந்தது, அவங்க மைக் ரூம்ல இருந்து பாத்ரூம் போறதுக்கே பெருமூச்சு விடறவங்க. டிக்கெட் கவுண்டர் பெரியவருக்கு கெட். தினம் லேட்டா வர்ற எடை போடறவருக்கு கம் வந்ததும் எல்லாரும் கைதட்டினோம், அன்னியில இருந்து ஆபீஸ்ல யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடறது இல்லை, ரன் அக்கா டீ சாப்பிட்டாங்களா, கம் இன்னும் வரலையான்னுதான் பேச்சு.

எனக்கு என்ன வந்தது தெரியுமா? கீப். சீட்டைப் பிரிச்சு மார்க்கர் சத்தமாப் படிச்சதும் வெடிச்சது பாரு சிரிப்பு. நம்ம ஆளுங்க வாயில அந்தச் சொல்லுக்கு இருக்கிற அர்த்தம்தான் உனக்குத் தெரியுமே, ஊருக்குத் தெரியாம ஒருத்தன் ரெண்டாவதா ஒருத்தியை வச்சிருந்தா அவளுக்குத்தானே அந்தப் பேர். மார்க்கர் பாவம், புரியாம முழிக்கிறார். என்னை யாராவது அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா அவங்க சாப்பாட்டுப் பையை லக்கேஜ் ரூம்ல வாங்கி வச்சுட்டு டோக்கன் குடுக்க மாட்டேன்னு நான் நின்ன இடத்துலயே சொல்லிட்டேன், அதனால எனக்கு மட்டும் பழைய பேரே தங்கிச்சு. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னா, டீ மூக்குல ஏறி இருமி இருமிச் சிரிச்சுட்டு, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எனக்கும் ஒண்ணு கிடைச்சிருக்குன்னு தான் காயில் சுத்தற மோட்டார் கடையில போய்ச் சொல்லட்டுமான்னு கேட்கிறார். போய்ச் சொல்லுங்க, நாளையில இருந்து சோறும் அங்கேயே சாப்பிடுங்கன்னேன்.

சும்மா சொல்லக்கூடாது, அப்பாதான் எனக்கு உட்கார்ந்து சொல்லிக்குடுத்தார். இதுல வேடிக்கை என்னன்னா அப்பாவுக்கும் அந்தச் சொல்லுக்கும் ஏழாம் பொருத்தம். அவர் கையில எது தங்கியிருக்கு? நம்ம ஏணி நாலு வீடு சுத்திக்கிட்டு இருக்கு, நம்ம ஃபேனைத் துடைக்கணும்னா அவர் போய் எதிர்வீட்டுல ஏணி வாங்கிட்டு வர்றார். குடையைப் பத்திக் கேட்கவே வேண்டாம். அந்த மனுஷன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கிட்டு, கீப்னா என்ன சொல்லுன்னு என்னைக் கேள்வி கேட்கிறார். நான் காய் நறுக்கிக்கிட்டே சொல்லுவேன். வாயை மூடுன்னா கீப் கொயட், இடது பக்கமாவே போன்னா கீப் லெஃப்ட், மீதிச் சில்லறையை நீயே வச்சுக்கோன்னா கீப் த சேஞ்ச், இதுவரைக்கும் எங்க கவுண்டர்ல யாரும் அதைச் சொன்னது இல்லை. நாய் வளர்த்தாலும் கீப், கடை நடத்தினாலும் கீப், கடிகாரம் ஒழுங்கா ஓடினா அது டைமை கீப் பண்ணுதாம், பால் கெடாம இருந்தா அதுவும் கீப். சொன்ன சொல்லைக் காப்பாத்தினா கீப், ரகசியத்தை வெளியே விடாம இருந்தா கீப், ஒருத்தரை மணிக்கணக்கா வாசல்ல காக்க வச்சாலும் அதுவும் கீப்தான். உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிக்கிறதுக்குக் கூட அதைப் போட்டுக் கேட்பாங்களாம். கிட்ட வராதேன்னு விரட்ட கீப் அவே, விட்டுடாதேன்னு சொல்ல கீப் இன் டச். நீ உன் சிநேகிதிக்கு அனுப்பற மெசேஜ்ல எல்லாம் அதைத்தான் கடைசியில போடுவே, நான் அதை ஏதோ தொட்டுக்கிட்டு இருக்கிற விஷயம்னு நினைச்சிருந்தேன்.

எல்லாம் ஏறிச்சு, ஒண்ணு மட்டும் தலைகீழா நின்னாலும் ஏறலை. கீப் கோயிங்னா போய்க்கிட்டே இருன்னு அர்த்தமாம். வச்சுக்கறதுக்கும் போறதுக்கும் என்னங்க சம்பந்தம், ரெண்டும் எப்படி ஒரே வாக்கியத்துல குடும்பம் நடத்தும்னு மார்க்கரைக் கேட்டேன். அவர் நெஞ்சுக் கறையைத் தடவிக்கிட்டே யோசிச்சுச் சொன்னார், கீப்னா ஒண்ணை இருக்கிறபடியே இருக்க விடறது, உட்கார்ந்திருக்கிறதை உட்கார விடறது, போறதைப் போக விடறது, நடுவுல நிறுத்தாம இருக்கிறதுன்னு. எனக்கு அது பிடிச்சிருந்தது. அப்போ நீ போய்க்கிட்டே இருக்கிறதும் கீப், நான் லக்கேஜ் ரூம்ல உட்கார்ந்தே இருக்கிறதும் கீப், ரெண்டு பேரும் ஒரே சொல்லுக்குள்ளதான் இருக்கோம்னு நினைச்சுக்கிட்டேன். நாம மட்டும் என்ன குறைச்சலான்னு அவருக்கு நம்ம பாஷையையும் கொஞ்சம் எடுத்து விட்டேன், நாங்க பேர் வைப்போம், செடி வைப்போம், ஒருத்தர் மேல உயிரையே வைப்போம், போனையும் வைப்போம், ஆனா போனை வச்சா மட்டும் பேச்சு முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்னேன். அவர் அதை எழுதி வச்சுக்கிட்டார்.

இப்படிப் போய்க்கிட்டிருக்கும்போதுதான் சித்தி வந்தா. பொண்ணு தங்கப் போற ரூமை ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தா, நியாயம்தானே. கட்டிலைத் தட்டிப் பார்த்தா, ஜன்னலைத் திறந்து காத்து வருதான்னு பார்த்தா, ஜன்னல்கிட்ட வந்ததும் பெட்டி கால்ல இடிச்சுது. இதை எடுத்துடலாமா அக்கா, இங்கே அவ படிக்கிற மேஜையைப் போட்டா வெளிச்சம் நல்லா விழும்னு சொன்னா. அப்பா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணுமா வேண்டாமா, அதுக்கென்ன, நம்ம பொண்ணே தூக்கிப் போடச் சொல்லிட்டா, சித்தப்பாவை வரச்சொல்லு, வண்டியில ஏத்தி அனுப்பிடலாம்னுட்டார். சித்தி கயித்துல கை வச்சா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? டோக்கன் இருக்கான்னு கேட்டேன். விளையாட்டுக்கு இல்லைடி, கவுண்டர்ல கேட்கிற மாதிரியே, கையை நீட்டிக்கிட்டு. சித்திக்கு முதல்ல சிரிப்பு வந்தது, என் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப் போச்சு. என்னக்கா, நான் என்ன வெளியாளான்னு கேட்டா. வெளியாளோ உள்ளாளோ, வாய்ச்சொல்லுக்கு லக்கேஜ் குடுக்கிற பழக்கம் எங்கிட்ட இல்லைன்னேன். அவளே வேண்டாம்னுட்டா, நீ யாருக்காகக் காவல் காக்கிறேன்னு கேட்டுட்டு, போட்ட டீயைக் குடிக்காமலே கிளம்பிட்டா.

அப்பா என்கிட்ட ஒரு நாள் பூரா பேசலை. பேசாம இருக்கிறதுக்கு அவருக்கு இங்கிலீஷ் தேவைப்படலை. அவர் கோபம் நியாயம்னு எனக்கும் தெரியும், இருபத்தஞ்சு வருஷமா இந்த வீட்டுக்கு வந்து போறவ சித்தி, நீ கிளம்பினப்போ உனக்குக் கால் சட்டை கூட அவதான் தைச்சுக் குடுத்தா, அவகிட்ட போய் டோக்கன் கேட்டா யாருக்குத்தான் சுருக்குன்னு இருக்காது. ஆனா கேட்டுட்டேன். கேட்டது தப்பான்னு யோசிச்சேன், இல்லைன்னுதான் இன்னமும் தோணுது, கேட்ட ஆள்தான் மாறிப் போச்சு. உன்னைக் கேட்டிருக்க வேண்டியதை அவளைக் கேட்டுட்டேன்.

அடுத்த வாரம் பரீட்சை. தலைமை ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க, இஸ்திரி மடிப்பு கலையாத உடுப்பு, சிரிச்சாலும் கோபப்பட்டாலும் ஒரே முகம். ரன் அக்கா எழுந்து குழாய்ல தண்ணி ஓடறதுல இருந்து மூக்கு ஒழுகறது வரைக்கும் மைக்ல சொல்ற அதே குரல்ல சொல்லி முடிச்சாங்க, அடுத்து எந்த பிளாட்பாரம்னு சொல்லிடுவாங்களோன்னு எங்களுக்குப் பயம். கம் அன்னிக்கும் லேட். என் முறை வந்ததும் எழுந்து நின்னு, எங்க ரூமையே நினைச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். என் வேலை கீப், நான் பையை கீப் பண்றேன், டோக்கனை கீப் பண்ணுங்கன்னு சொல்றேன், வரிசையில நிக்கிறவங்களை கீப் லெஃப்ட்னு சொல்றேன், ஐயா உங்களைக் காக்க வச்சதுக்கு மன்னிக்கணும்னு சொல்றேன், நீங்க எங்கே வேணும்னாலும் போங்க, கீப் கோயிங், உங்க பை இங்கே பத்திரமா இருக்கும்னு சொல்றேன்னு நான்பாட்டுக்குச் சொல்லிட்டே போனேன். மார்க்கர் மூஞ்சியில பல்லெல்லாம் தெரிஞ்சுது. அதோட உட்கார்ந்திருந்தா ஒரு வம்பும் இல்லை.

மேடம் ஒரு கேள்வி கேட்டாங்க. ஒரு பையை எடுக்க யாருமே வரலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு. இங்கிலீஷ்லதான் கேட்டாங்க, எனக்கு ஒரு சொல் விடாமப் புரிஞ்சுது. பதிலும் தெரியும். மூணு மாசம் பார்ப்போம், வரலைன்னா மேலே எழுதிக் கேட்டு, ரெண்டு பேர் சாட்சியா நிக்கத் திறந்து பார்த்து, ஏலத்துக்கு அனுப்பிடுவோம். எத்தனை பையை நானே என் கையால பிரிச்சிருக்கேன், ஒரு தடவை கூட மனசு கலங்கினது இல்லை, அது வேலை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வி கீப்னு வந்தது. எவ்வளவு நாளைக்குன்னு கேட்டாங்க. வி கீப் மேடம்னேன். மூணாவது தடவை அவங்க ஒவ்வொரு சொல்லா நிறுத்தி, யாரும் வரவே மாட்டாங்க, அப்போ என்னன்னு கேட்டாங்க. ஒன்லி கீப்னு சொல்லிட்டு நான் உட்கார்ந்துட்டேன். அவங்க என்னவோ எழுதிக்கிட்டாங்க. வெளியே வந்து தண்ணி குடிக்கிற இடத்துல நின்னு அழுதேன். எழுதறதுல என்ன வெட்கம், அழுதேன். கெட் பெரியவர் பார்சல் கொட்டகையை நினைச்சு அழறேன்னு நினைச்சு, அங்கேயும் ஃபேன் போடப் போறாங்களாம்மான்னு தேத்தினார்.

நாலு நாள் முந்தி முடிவு வந்தது. தேறிட்டேன். கவுண்டர் எனக்கேதான். மேடம் என் பேருக்கு நேரே என்ன எழுதியிருந்தாங்கன்னு மார்க்கர் படிச்சுக் காட்டினார், இங்கிலீஷ் தேவைக்கு இருக்கிறது, லக்கேஜ் ரூம் விதிமுறைகள் தெரியவில்லை, அதற்குத் தனியாகப் பயிற்சி தேவைன்னு. அந்த ரூம்லயே தலை நரைச்சவளுக்கு விதி தெரியலையாம். கம் அதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், அவரும் தேறிட்டார், அதுதான் அதைவிட அதிசயம். அப்பாகிட்ட சொன்னேன். அவர் சிரிக்கலை. நீ மனசுல அதையே போட்டு உழப்பிக்கிட்டு இருக்கே, வா முதல்ல அந்தப் பெட்டியை நகர்த்துவோம், சித்தி பொண்ணுக்கு ரூமை விட்டுக் குடுப்போம்னார்.

ரெண்டு பேரும் நகர்த்தினோம், அவர் முழங்கால் ஒரு பக்கம் கத்த, என் இடுப்பு ஒரு பக்கம் கத்த. எங்க கட்டிலுக்கு அடியில தள்ளியாச்சு. தள்ளும்போதுதான் டோக்கனைப் பார்த்தேன். இத்தனை நாள் ஜன்னல் வெயில்ல கிடந்ததுக்கு நம்பர் அழிஞ்சு போயிருக்கணும், அழியலை. மோட்டாருக்குச் சுத்தற டேப் இருக்கு பாரு, அதுல கண்ணாடி மாதிரி ஒண்ணு வருமே, அதை ரெண்டு பக்கமும் ஒட்டி ஓரத்தைக் கத்திரிச்சு விட்டிருக்கு. இந்த வீட்டுல அந்த டேப் யார்கிட்ட இருக்குன்னு உனக்குத் தெரியும். தூக்கி வண்டியில ஏத்திடலாம்னு சொன்ன அதே ஆள்தான். எப்போ ஒட்டினீங்கன்னு கேட்டேன். அது ஏதோ மழை சமயத்துல, சாரல் அடிச்சுதுன்னு சொல்லிட்டு குழாயைப் பார்க்கிற மாதிரி சமையலறைக்குப் போயிட்டார். குழாய் இன்னும் சொட்டுது.

சித்திக்கு நானே போன் பண்ணினேன். ரூம் காலி, மேஜையை ஜன்னலுக்கு அடியில போட்டாச்சு, வந்து பாருன்னேன். வந்தா. டீ குடிச்சா. போகும்போது வாசல்ல நின்னு, இந்தச் செருப்பை இங்கே விட்டுட்டு உள்ளே போனேனே, டோக்கன் வாங்க மறந்துட்டேனே அக்கா, இப்போ குடுப்பியா மாட்டியான்னு கேட்டா பாரு, சிரிச்சு வயிறு வலிச்சுது. அவ மனசுல ஒண்ணும் இல்லை. நீயும் இதுக்காக அவளுக்குப் போன் பண்ணி ஏதாவது சமாதானம் சொல்லிக்கிட்டு இருக்காதே.

இப்போ உன் விஷயம். நீ அங்கே வீடு வாங்கு. நல்லா வாங்கு. மழை பெய்யற நாள்ல ஒரு தடவை போய்ச் சுவரைப் பார்த்துட்டு வாங்கு, குழாயைத் திறந்து பார்த்துட்டு வாங்கு, பஸ் நிக்கிற இடத்துல இருந்து நடக்கிற தூரத்துல வாங்கு, லேப்ல இருந்து இருட்டினப்புறம் வர்றவ நீ. படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதே. திரும்பி வந்து இங்கேயே இருன்னு நான் கேட்கலை, கேட்கவும் மாட்டேன், போறதைப் போக விடறதுக்கும் அதே சொல்தான்னு படிச்சுத் தேறினவ நான். ஆனா பெட்டிக்கு வாய்ச்சொல் செல்லாது. துணி மிஷின் சத்தத்துக்கு நடுவுல சொன்னது சுத்தமாச் செல்லாது. உனக்கு நிஜமாவே வேண்டாம்னா, அந்தப் பாதி டோக்கனைத் தபால்ல அனுப்பு. வந்ததும் ரெண்டு பாதியையும் சேர்த்துக் குத்தி, பெட்டியை அப்பா சொல்ற ஆளுக்குக் குடுத்துடுவேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், முகத்தைத் தூக்கி வச்சுக்க மாட்டேன், இது என் சொல், கீப் பண்ணுவேன். அனுப்பலைன்னா வேணும்னு எடுத்துக்குவேன், பெட்டி அது பாட்டுக்குக் கட்டிலுக்கு அடியில இருக்கும், எங்களுக்கு அது இடைஞ்சல் இல்லை.

டோக்கன் தொலைஞ்சு போயிருந்தா? நீ பர்ஸை மாத்தியிருப்பே, எனக்குத் தெரியாதா. அதுக்கும் எங்க ரூம்ல வழி இருக்கு. தொலைச்சவங்களுக்குப் போன்ல குடுக்க மாட்டோம், தபால்லயும் குடுக்க மாட்டோம். ஆள் நேர்ல வரணும். கவுண்டர்ல நின்னு உள்ளே என்னென்ன இருக்குன்னு சொல்லணும், நாங்க அவங்க எதிர்லயே கயித்தை அவிழ்த்துப் பார்த்துட்டு, சரியா இருந்தா குடுப்போம். உள்ளே இருக்கிறது அத்தனையும் எனக்குத் தெரியும், நான்தானே அடுக்கினேன். உனக்கு ஞாபகம் இருக்காங்கிறதுதான் எனக்குத் தெரியணும். இவ்வளவு நீளமா எழுதியிருக்கேனே, அதுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தையாவது எழுதியிருக்கேனா பாரு. எழுதினா நீ இதைப் பார்த்துச் சொல்லிடுவே.

நேரத்துக்குச் சாப்பிடு, கால் உறை போடாம தரையில நடக்காதே, ஞாயித்துக்கிழமை மிஷினைப் போடறதுக்கு முன்னாடி போன் பண்ணு. உன் புது வீட்டுல வெளிச்சமும் காத்தும் குறைவில்லாம இருக்கட்டும், கதவைத் தட்டறவங்க எல்லாம் நல்லவங்களாவே இருக்கட்டும், உடம்புக்கு ஒண்ணும் வராம நீ நூறு வயசு இருக்கணும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். முதல் வேலையா, இதை மடிச்சு வைக்கிறதுக்கு முன்னாடி, பர்ஸோட உள்பக்கத்தைப் பாரு.

வச்சிருக்கிற,
உன் அம்மா